கொட்டாவி உட்பட

ஓடாவுக்குக் கொட்டாவி வரவில்லை. சந்தே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வெயில் சாய்ந்து, மின்கம்பத்தின் நிழல் சலவைக்கடை வாசற்படியைத் தொடும் நேரம். ஒசாகாவின் தென்பகுதியிலிருந்த அந்தச் சந்தில் தினமும் இந்த நேரத்துக்கு எல்லோரும் அவரவர் இடத்துக்கு வந்துவிட வேண்டும். சலவைக்கடை நடத்தும் ஹமாகுச்சி மாடி பால்கனியில் குனிந்து கொடியிலிருந்து நீலத் துண்டை எடுக்க வேண்டும். தச்சர் ஓடா குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கொட்டாவி விட வேண்டும். கம்பத்தின் மேல் நண்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் மீள்கட்டி இயந்திரம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் பச்சை விளக்கை எரிக்கும். அப்புறமும் நிழல் வாசற்படியைத் தாண்டும்வரை பத்து நிமிடம் அசையாமல் நின்றால்தான் வீட்டுக்குப் போகலாம்.

"வாயை மட்டும் தொறந்தாப் பத்தாதுங்களாமா. கண்ணுலயும் தண்ணி கட்டோணுமாமா" என்றாள் ஹமாகுச்சி மேலிருந்து. குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்பு போய்விட்டது.

அவள் பேசியது என்னவோ ஒசாகா ஜப்பானியம்தான். கீழே நின்ற புகைப்படக்காரி எழினியின் காதிலிருந்த செவிமொழியன் அதைக் கொங்குத் தமிழாக்கித் தந்தது. தலைநகரத்துக்காரர்களிடம் இல்லாத இழுவையும் கிண்டலும் ஒசாகாக்காரர்கள் பேச்சில் இருப்பதால், கரூர்க்காரியான எழினியே அதை அப்படி அமைத்துக்கொண்டாள். ஹமாகுச்சிக்கும் ஓடாவுக்கும் இதில் ஆட்சேபணை இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது தெரியாது.

"பத்து நிமிசந்தானேக்கா" என்றாள் எழினி, சுவரோரம் நிறுத்தியிருந்த பெட்டியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே. "ஒரு தெருவே பொழைச்சுக் கெடக்குது. அதுக்கு இது பெரிய வெலையா?"

இதை அவள் முதல் முறையாகச் சொல்லவில்லை. ஓடாவுக்குக் காய்ச்சல் வந்தபோதும் சொன்னாள். உடம்பு முடியாதவர்களுக்காக இயந்திரம் இரண்டு மாலைகள் பொறுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் ஓடாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். அன்று கொட்டாவி மட்டும் அருமையாக வந்தது.

அந்த ஊரில் வீடுகளுக்கு ஆயுள் குறைவு. கட்டுவதும் முப்பது வருடத்தில் இடிப்பதும் அவர்களுக்கு வழக்கம். மீள்கட்டிகள் வந்த பிறகுதான் அது மாறியது. அவை கூட்டமாகச் சுவரில் ஊர்ந்து, விரிசலை அடைத்து, துருவைத் தின்று, ஒரு தெருவை நேற்று இருந்தபடியே வைத்திருக்கும். ஆனால் எந்த நேற்று என்று யாராவது சொல்ல வேண்டுமே. அதற்குத்தான் மூலப்படம். ஒரு தெருவுக்கு ஒரு புகைப்படம். படத்தில் இருப்பது இருக்கும். படம் இல்லாத தெருவை இடித்து, பற்பசைப் பெட்டியை நிறுத்தி வைத்தது போன்ற கட்டடங்களை எழுப்பிவிடுவார்கள்.

மனிதர்களையும் ஏன் சேர்த்தார்கள் என்றால், ஆள் இல்லாத தெரு பாழடைந்த தெரு என்று இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். சுவர் எப்படி முக்கியமோ அப்படியே ஓடாவும் முக்கியமாகிப்போனார், வாய் திறந்த நிலையில்.

எழினி காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள். ஒரு ஊரில் இரண்டு பருவம் தங்கினால் அவளுக்கு மூச்சு முட்டும். நடந்துகொண்டே படமெடுப்பாள், எடுத்துவிட்டு நடந்துகொண்டே இருப்பாள். இந்தச் சந்துக்கு இடிப்பு ஆணை வந்திருந்த சமயத்தில் தற்செயலாக உள்ளே நுழைந்தவள், ஒரே ஒரு படம் எடுத்தாள். வீட்டு வாசல்களில் மீன் பெட்டியில் வளரும் செடிகள், பூனைகளை விரட்டுவதற்காக வரிசையாக வைத்த தண்ணீர் பாட்டில்கள், தலைக்கு மேல் சிக்குப் பிடித்த மின்கம்பிகள், திருப்பத்தில் ஆரஞ்சு நிறக் கம்பத்தில் வளைவுக் கண்ணாடி. எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, ஆனாலும் ஒழுங்காக, அந்த ஒரு நொடியில் அமைந்துவிட்டன. அதுவே சந்தின் மூலப்படமாகி, இடிப்பைத் தடுத்தது. அவள் வாழ்நாளில் எடுத்த மிகச் சிறந்த படம் அது. அவளுக்கே அது தெரியும், அடக்கமெல்லாம் கிடையாது.

தெருப்படம் எடுப்பவர்கள் எதற்குப் பயப்படுவார்களோ இல்லையோ, கடைக் கண்ணாடியில் தங்கள் உருவம் விழுந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். அன்று சலவைக்கடைக் கண்ணாடியில் தன் உருவம் தெரிந்ததும் எழினி இரண்டடி வலப்பக்கம் தள்ளி நின்றுதான் படமெடுத்தாள்.

இன்று இரவு அவளுக்கு விமானம். ஐந்து நாளில் தம்பி குமணனுக்குக் கரூரில் கல்யாணம். அதற்கப்புறம் இஸ்தான்புல், அதற்கப்புறம் எங்கேயோ. புறப்படுமுன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த இடத்தில் கொட்டாவிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக் கைப்பிடியில் அவள் விரல்கள் தாளம் போட்டபடியே இருந்தன. நேற்று இரவெல்லாம் மூட்டை கட்டிய அலுப்பில் அவளே வாயைப் பிளந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

அது ஓடாவைத் தொற்றிக்கொண்டது. தாடை பிளந்தது, கண்ணில் நீர் கட்டியது. ஹமாகுச்சி அவசரமாகத் துண்டைப் பிடித்தாள்.

பச்சை எரியவில்லை. மஞ்சள் எரிந்தது.

மீள்கட்டி கம்பத்திலிருந்து இறங்கி, சுவர் வழியாக ஊர்ந்து, திருப்பத்தில் இருந்த வளைவுக் கண்ணாடியின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. மாதாமாதம் அது மூலப்படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்கும். முதலில் சுவர்கள், பிறகு செடிகள், பிறகு துணிக்கொடியின் கிளிப்புகள் என்று நுணுகிக்கொண்டே போய், இப்போது கண்ணாடிக்குள் நுழைந்திருந்தது.

"ஓர் உருவம் இல்லை" என்றது. செவிமொழியன் அதை மட்டும் ஏனோ செந்தமிழில் சொன்னது.

எதிர்ச் சுவரில் ஒளி விழுந்தது. வளைவுக் கண்ணாடியின் ஓரத்தில், பட்டாணி அளவில் இருந்ததை அது ஆள் உயரத்துக்கு விரித்துக் காட்டியது. வலக்கண்ணை மூடி, இடக்கண்ணில் கேமராவை ஒட்டி, இடது முழங்கையைத் தூக்கிக்கொண்டு, கோட்டுப் போட்டு நிற்கும் ஒரு பெண். இரண்டடி வலப்பக்கம் தள்ளி நிற்கும் பெண்.

அது எழினியேதான். என் படத்தில் ஒரு தூசியும் தெளிவாகத் தெரியும் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பாள்.

"ஹமாகுச்சிக்கா, நீங்க கொஞ்சம் கீழ வாங்க" என்று கூப்பிட்டுத் தன் கோட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டி, கேமராவைக் கையில் கொடுத்து நிறுத்தினாள். உயரம் போதவில்லை என்றது இயந்திரம். அதோடு பால்கனியில் ஓர் உருவம் குறைகிறது என்றும் சேர்த்துச் சொன்னது. ஓடா தன் மனைவியைக் கூட்டிவந்தார். அவள் கேமராவை வைத்த கண் மாறியிருந்தது. கண்ணைத் திருத்தியதும் முழங்கையின் கோணம் தவறு என்றது, முழங்கையைத் திருத்தியதும் முகம் வேறு என்றது. வெயில் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டா?" என்றாள் எழினி.

"அதுவும் படத்துல இருக்குதுங்களே" என்றார் ஓடா.

யாரும் எழினியிடம் கெஞ்சவில்லை. அவள் போனால் மூன்றாவது மாலை மூலப்படம் ரத்தாகும், இடிப்பு ஆணைக்கு உயிர் வரும். எல்லோருக்கும் அது தெரியும். அவரவர் வாசலை அவரவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழினி கோட்டையும் கேமராவையும் திரும்ப வாங்கிக்கொண்டு பெட்டியை இழுத்தாள். சக்கரம் சாக்கடை மூடியில் கடகடத்தது. திருப்பம் வரை போய்விட்டாள். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு நேர்வழி.

மறுபடி பால்கனிக்கு ஏறியிருந்த ஹமாகுச்சி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"பத்து நிமிசந்தானுங்களே அம்மணி."

எழினிக்கு அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. திரும்பி நடந்து, பெட்டியைப் படத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, அன்று படமெடுத்த இடத்தில் நின்றாள். கேமராவை இடக்கண்ணில் வைத்தாள். மீன் பெட்டிச் செடிகள், தண்ணீர் பாட்டில்கள், நீலத் துண்டு, எழினியைப் பார்த்ததும் மறுபடி கொட்டாவி விட்ட ஓடா. எதுவும் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அவளுக்கு எடுக்க அதில் ஒன்றுமே இல்லை.

பச்சை எரிந்தது. ஆனால் நிழல் வாசற்படியைத் தாண்டும்வரை அசையக் கூடாது.

பையில் கைப்பேசி அடிக்கத் தொடங்கியது. குமணனாக இருக்கும், கிளம்பிவிட்டாயா என்று கேட்பான். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. கையை எடுத்தால் முழங்கை இறங்கிவிடும்.