நாம் தட்டாத சொற்கள்

மாடி வீட்டின் கதவை யாராவது தட்டினால் உள்ளே இருக்கும் மூன்று பேரும் சிலையாகிவிடுவார்கள். அம்மா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றுவாள். கடுகு ஓடிப்போய்த் தம்பியின் வாயைப் பொத்துவாள். தம்பிக்கு நாலு வயது. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. வந்தவர் கீழே சலவைக் கடை வைத்திருப்பவர்தான் என்று தெரிந்த பிறகே எல்லோருக்கும் மூச்சு வரும்.

கடுகு என்பது பட்டப்பெயர். வயது பதினொன்று ஆகிறது, உயரம் மட்டும் எட்டிலேயே நின்றுவிட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று பழைய பள்ளி டீச்சர் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. தம்பியை எல்லோரும் உருண்டை என்று கூப்பிடுவார்கள். காரணம் அவனைப் பார்த்தாலே தெரியும்.

அவர்கள் ஒளிந்துகொண்டிருந்தார்கள். யாரிடமிருந்து என்று கேட்டால் சொல்லவே கஷ்டமாக இருக்கும். அப்பாவிடமிருந்து.

அம்மாவின் இடது மணிக்கட்டு எலும்பு சற்றுக் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அப்போது டாக்டரிடம் சொன்னாள். அந்த வீட்டில் எல்லோரும் வழுக்கி விழுந்துகொண்டேதான் இருந்தார்கள். உருண்டையும் ஒருநாள் வழுக்கி விழுந்தபோது, அம்மா இரண்டு பைகளையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பிவிட்டாள்.

முதலில் வேறொரு வீட்டுக்குப் போனார்கள். சில நாட்களில் அப்பா எதிர்த் தெருவில் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றார். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தபோது, "வந்தா சொல்லுங்க" என்றார்கள். வந்துவிட்டார் என்று சொல்லத்தான் அம்மா போயிருந்தாள்.

பிறகுதான் இந்த மாடி வீடு. இங்கே வந்த பிறகும் நிம்மதி இல்லை. சனிக்கிழமை உருண்டைக்குத் தடுப்பூசி போடப் போனார்கள். ஆஸ்பத்திரி நாற்காலியில், நோயாளி மாதிரி, அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அம்மா இருவரையும் இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டாள். ஊசியிலிருந்து தப்பியதில் உருண்டைக்கு மட்டும் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைப் பூட்டிவிட்டு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஒரே தோழியோடு ஏற்கெனவே பேச்சை நிறுத்தியிருந்தாள். முதல் வீட்டைப் பற்றி அவள்தான் உளறியிருப்பாள் என்று சந்தேகம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவது தோழிக்குத் தெரியாது.

"நீ அப்பாகிட்ட பேசினியா?" என்று அம்மா கடுகிடம் கேட்டாள்.

"இல்ல."

"உண்மையைச் சொல்லு. நான் கோபப்பட மாட்டேன்."

"கோபப்பட மாட்டேன்னு சொல்றப்பவே கோபமாத்தான் இருக்க."

"வேற யாருக்குத் தெரியும்? எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றான் உருண்டை.

கடுகு அப்பாவிடம் பேசவில்லைதான். ஆனால் பேச ஆசைப்பட்டிருக்கிறாள். அப்பா நல்ல மனநிலையில் இருக்கும் நாட்களில் பழைய பைக்கைக் கழற்றி மாட்டும்போது ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சொல்லி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு அழுகை வரும். அதனால்தான் அம்மாவின் கேள்வி அவ்வளவு சுட்டது. அன்று இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலையில் புதுப் பள்ளியில் சேர வேண்டும். அங்கேயும் அப்பா வந்து நின்றால் பைகளை மறுபடியும் கட்ட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உருண்டை பட்டம் வேண்டுமென்று அடம்பிடித்தான்.

"எப்படிச் செய்யறதுன்னு பாக்கலாம், வா" என்று கடுகு மடிக்கணினியைத் திறந்தாள்.

தேடல் பெட்டியில் 'ப' என்று ஓர் எழுத்துத்தான் தட்டினாள். பிரவுசருக்கு எப்போதும் அவசரம். நாம் முடிப்பதற்குள், இதையா கேட்கிறாய், அதையா கேட்கிறாய் என்று பழைய தேடல்களைக் கீழே நீட்டும். அன்றும் நீட்டியது.

பள்ளி எத்தனை மணிக்கு விடும்.

பஸ் நேரம் திங்கள் காலை.

பழைய பைக் கார்புரேட்டர் கழுவுவது எப்படி.

முதல் வரியில் புதுப் பள்ளியின் பெயரும் சேர்ந்தே இருந்தது.

"அம்மா, இங்க வா. இதெல்லாம் நீ தேடினதா?"

அம்மா குனிந்து படித்தாள். "இல்லையே. நீ தேடினதா?"

"எனக்கு எதுக்கும்மா கார்புரேட்டர்?"

"கார்புரேட்டர்னா திங்கறதா?" என்று உருண்டை கேட்டான்.

கிளம்ப மறுக்கும் அந்தப் பைக்கும் அதன் கார்புரேட்டரும் யாருடையவை என்று இருவருக்கும் தெரியும்.

"இது அப்பா டைப் பண்ணது" என்றாள் கடுகு. "பழைய வீட்டுல இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்ல. அது எப்படி நம்ம லேப்டாப்ல வருது?"

"அந்தக் கம்ப்யூட்டர் பிரவுசர்ல என் கணக்குத்தான் திறந்திருந்துச்சு. ஆனா நான் மெயில் பாஸ்வேர்டை மூணு தடவை மாத்திட்டேனே." அம்மா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "இரு, இப்பவே மறுபடி மாத்தறேன்."

டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் அம்மாவின் வேலை. அவள் விரல்களுக்கு வேகம் அதிகம். புதுக் கடவுச்சொல்லைத் தட்டினாள். 'சேமிக்கவா?' என்று ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. அதைப் படிக்காமலேயே ஆமாம் என்று அமுக்கினாள். ஈயை விரட்டுகிற மாதிரிதான் அதைச் செய்தாள்.

"அம்மா, இப்ப என்ன அமுக்கின?"

"எதை?"

"ஒரு பெட்டி வந்துச்சே. எங்க சேமிக்குது அது?"

கடுகு அம்மாவின் கைப்பேசியை எடுத்தாள். பிரவுசரின் அமைப்புகளுக்குள் போய், சேமித்த கடவுச்சொற்களைத் திறந்தாள். கைப்பேசியின் பூட்டு எண்ணைக் கேட்டது, கொடுத்தாள். பட்டியலில் முதலில் அந்தப் புதுக் கடவுச்சொல் இருந்தது.

"லேப்டாப்ல போட்டது ஃபோனுக்கு வந்துடுச்சு, பாரு. இந்தக் கணக்கு எங்கெங்க திறந்திருக்கோ அங்கெல்லாம் போகும். அங்க தேடினது இங்க வந்த மாதிரி, இதுவும் அந்தக் கம்ப்யூட்டருக்குப் போயிருக்கும்."

"ஒவ்வொரு தடவையும்..."

"ஒவ்வொரு தடவையும் புதுப் பூட்டைப் போட்டுட்டு, சாவியையும் நாமளே அனுப்பிட்டு இருந்திருக்கோம்" என்றாள் கடுகு.

அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே முகவரிகள் என்று ஒன்று இருந்தது. படிவங்களை நாம் நிரப்பும்போது பிரவுசர் தானாகவே குறித்து வைத்துக்கொள்வது. அதில் முதல் வீட்டின் முகவரி, கதவு எண்ணோடு உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, மாடி வீட்டின் முகவரியை அம்மா இன்னும் எங்கேயும் தட்டவில்லை. தடுப்பூசிக்கு நேரம் கொடுத்ததும், திங்கட்கிழமை வாருங்கள் என்று பள்ளி சொன்னதும் மின்னஞ்சலில் இருந்தன; அவற்றை அப்பா அங்கிருந்தே படித்திருக்கிறார்.

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். "என் ஃப்ரெண்டு மேல சந்தேகப்பட்டேன். உன் மேலயும் சந்தேகப்பட்டேன்."

"ஆமா. பட்ட" என்றாள் கடுகு. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்று பார்த்தார்கள். மூன்று இருந்தன. கைப்பேசி, மடிக்கணினி, பழைய வீட்டின் கணினி. மூன்றாவதற்குக் கீழே 'இப்போது பயன்பாட்டில்' என்று எழுதியிருந்தது. அப்பா இந்த நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் அறைக்குள் வந்துவிட்டதைப் போல இருவரும் சற்றுப் பின்வாங்கினார்கள்.

"இதை வெளியேத்திடலாம்" என்று அம்மா விரலை நீட்டினாள்.

கடுகு அவள் கையைப் பிடித்தாள். கோணல் மணிக்கட்டு என்பதால் மெதுவாகத்தான் பிடித்தாள்.

"இரும்மா. பள்ளிக்கூடம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு வரப் பஸ்ஸும் பாத்துட்டாரு. இப்ப வெளியேத்தினா இன்னைக்கே கிளம்பிடுவாரு."

"அதுக்கு என்ன பண்றது?"

"அவர் நம்மளைப் பாக்கறது அவருக்குத் தெரியும். அவரையும் நாம பாக்கறோம்னு தெரியாதுல்ல. தெரிஞ்சிருந்தா பஸ் நேரத்தை அதுல தேடியிருப்பாரா?" கடுகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், கணினிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. "நாம எதை டைப் பண்றோமோ அதைத்தான் நம்புவாரு. வேற ஊரை டைப் பண்ணுவோம்."

அம்மா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஆனால் டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னவளும் அவள்தான். அந்தப் பொய்யைவிட இது மேல்.

"மலைப்பக்கம் ஏதாவது ஊர் போடலாம். தூரமா இருக்கும். நமக்கு அங்க யாரையும் தெரியாது" என்றாள்.

"வேண்டாம். அத்தை ஊர்" என்றாள் கடுகு.

அத்தை அப்பாவின் அக்கா. கடலோர ஊர் ஒன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஹாரன் கெட்டுப்போன நாட்களில் தலையை வெளியே நீட்டிக் கத்தியே வழி விலக்குவாராம். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். உலகத்தில் அப்பா பயப்படும் ஒரே ஆள்.

"அங்க போறோம்னா நம்புவாரு. முன்பின் தெரியாத ஊருக்குப் போறோம்னா நம்புவாரா?"

அம்மா அத்தைக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். மணிக்கட்டைப் பற்றிச் சொன்னாள். உருண்டை விழுந்ததைப் பற்றியும் சொன்னாள். அத்தை நடுவில் ஒருமுறைகூடக் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இவ்வளவையும் ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்றார் கடைசியில். "சரி. வரட்டும்."

அம்மா பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நாத்தனார் ஊருக்கே போய்விடுகிறோம், மகளைச் சேர்க்க முடியவில்லை, மன்னிக்கவும். பிறகு கடுகு அத்தை ஊரின் பெயரைப் போட்டு வாடகை வீடு தேடினாள், பள்ளி தேடினாள், திங்கட்கிழமை காலைப் பேருந்தைத் தேடினாள். தானும் தேடுவேன் என்று உருண்டை முழங்கையால் மோதி, ஒரு வரிசை 'க' அடித்தான். அதுவும் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

திங்கட்கிழமை விடிந்ததும் கடுகு 'ப' என்று தட்டிப் பார்த்தாள். பஸ் நேரம் என்று தொடங்கும் புது வரி ஒன்று வந்திருந்தது. அதில் அத்தை ஊரின் பெயர் இருந்தது. அவர்கள் தேடாத இன்னொன்றும் இருந்தது, அதிகாலையில் கிளம்பும் முதல் பஸ். மூன்றாவது சாதனம் பயன்பாட்டில் இல்லை.

அம்மா பள்ளித் தலைமையாசிரியைக்கு ஃபோன் செய்து, மின்னஞ்சலை நம்ப வேண்டாம் என்று விஷயத்தைச் சொன்னாள். "யார் வந்து கேட்டாலும் அந்தப் பேர்ல இங்க யாரும் சேரலைன்னுதான் சொல்லுவோம். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் அவர்.

மதியம் அத்தை கூப்பிட்டார். அம்மா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"வந்துட்டான். பொண்டாட்டி பிள்ளைங்க எங்கன்னு வாசல்ல நின்னு கத்தினான். நானும் கத்தினேன். தெருவே வெளிய வந்துடுச்சு. அப்புறம் உள்ள வந்து உக்காந்தான். இன்னைக்கு அவனை விடறதா இல்ல. நீ உன் வேலையைப் பாரு."

கடுகு ஃபோனுக்குப் பக்கத்தில் போனாள். "அத்தை, அப்பா சாப்பிட்டாரா?"

அந்தப் பக்கம் தட்டு நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "போட்டிருக்கேன். சாப்பிடறான்" என்றார் அத்தை. அவர் குரல் அவ்வளவு சின்னதாகிக் கடுகு கேட்டதே இல்லை.

கடுகு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். மூன்றாவது சாதனத்தைத் தொட்டாள். வெளியேற்றவா என்று அது கேட்டது. அவள் முழுதாகப் படித்தாள். பிறகு ஆமாம் என்று அமுக்கினாள்.

அதற்குப் பிறகு நிறைய வேலை இருந்தது. சேமித்திருந்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக அழித்தார்கள். வங்கி, மின்சாரம், அம்மாவின் வேலை, எல்லாவற்றுக்கும் புதிது போட்டார்கள். முகவரிகளை அழித்து, தானாக நிரப்புவதை நிறுத்தினார்கள். 'சேமிக்கவா?' என்று பெட்டி எட்டிப் பார்த்தபோதெல்லாம் உருண்டை, "வேணாம்" என்று கத்த வேண்டும். அது அவனுக்குக் கொடுத்த வேலை. நன்றாகவே செய்தான்.

"இத்தனையையும் நான் எப்படி ஞாபகம் வச்சுக்கறது?" என்றாள் அம்மா.

"டாக்டர் சொல்ற வியாதிப் பேரெல்லாம் ஞாபகம் இருக்குல்ல. அதைவிடச் சின்னதுதான்."

அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கடுகு, அத்தை ஊரை நீ சொன்னது அவர் நம்புவாருன்னு மட்டும்தானா?"

கடுகு விசைப்பலகையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மலைப்பக்கம் போயிருந்தா யாருமே இருக்க மாட்டாங்க. முதல் பஸ்ல ஏறினா காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாரு." விரலை எடுத்துக்கொண்டாள். "நான் அவர்கிட்ட பேசல. ஆனா பேசணும்னு தோணிச்சு. நிறையத் தடவை தோணிச்சு."

"அதுல தப்பில்ல" என்றாள் அம்மா. "நான் உன்னைக் கேட்டதுதான் தப்பு."

"பரவாயில்ல" என்றாள் கடுகு. இந்த முறை உண்மையாகவே அப்படித் தோன்றியது. அவள் சாதனங்களின் பட்டியலைக் கடைசியாக ஒருதரம் பார்த்தாள். இரண்டுதான் இருந்தன.