வரியும் இல்லை... ஆளும் இல்லை!

டெலிபோன் அலறியது.

ஏரிக்கண்டிகை பேரூராட்சி அலுவலகத்தில் காலை ஒன்பதரை மணிக்கு டெலிபோனை எடுக்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. பில் கலெக்டர் வெங்கடேசன் அன்றைக்குப் பார்த்து எடுத்துத் தொலைத்தான்.

"வெங்கடேசனா? எஸ்.ஐ. ராஜமாணிக்கம் பேசறேன். பழைய ரைஸ் மில்லுல கம்ப்யூட்டர் கம்பெனி இருக்குதே, அதுல எத்தினி பேர் வேலை செய்யறாங்க?"

"இருபது பேர் சார். எல்லாம் உள்ளூர் ஆளுங்க. நான்தான் எண்ணிப் பாத்து சர்ட்டிபிகேட் குடுத்தேன்."

"அந்த இருபது பேரையும் காணோம்."

"சார்...?"

"செருப்பு இருபது ஜோடியும் வாசல்ல கிடக்குது. உள்ள ஒரு ஆளு இல்ல. இருக்கறதே ஒரே வாசல். எவளோ ஒரு பொம்பள ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிச்சு. பேரு கேக்கறதுக்குள்ள வெச்சிட்டுது. நீ கம்பெனி ஃபைல எடுத்துக்கினு உடனே வா."

ரிசீவர் வெங்கடேசனின் கையிலிருந்து நழுவியது.

இருபது பேர்... மாயம்!

அவன் பயந்ததற்குக் காரணம் உண்டு. ஒன்றல்ல, இரண்டு.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருடம். ஊர்ப் பிள்ளைகள் விடிந்ததும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஓடுவதைப் பார்த்து, பேரூராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டிருந்தது. இன்டர்நெட்டில் தொழில் செய்கிற கம்பெனி எதுவானாலும் ஏரிக்கண்டிகைக்கு வரலாம். உள்ளூர் ஆட்கள் இருபது பேருக்கு வேலை கொடுத்தால் ஐந்து வருடத்துக்குச் சொத்து வரி கிடையாது. ஒரு பெயருக்கு ஆயிரம் சதுர அடி வரை சலுகை.

தீர்மானத்தை நம்பி வந்து சேர்ந்த ஒரே மகராசன், சென்னை மணவாளன். 'கடல்வலை டாட் காம்' என்று போர்டு மாட்டினான். அது நிஜமாகவே இயங்குகிறதா என்று பார்க்க மாவட்ட அலுவலகத்திலிருந்து உதவி இயக்குநர் ஆதிநாராயணன் இன்று பதினொரு மணிக்கு வருகிறார்.

அதே ஆதிநாராயணனின் மேஜையில்தான் வெங்கடேசனின் ஃபைலும் கிடந்தது. பதினேழு வருடமாக அவன் தற்காலிக பில் கலெக்டர். கல்யாணம் ஆனபோது தற்காலிகம். பெண் பிறந்தபோது தற்காலிகம். அந்தப் பெண் ப்ளஸ் டூ வந்த பிறகும் தற்காலிகம். இன்றைய இன்ஸ்பெக்ஷன் நல்லபடியாக முடிந்தால் நிரந்தர ஆர்டரில் கையெழுத்து.

இது முதல் காரணம்.

இரண்டாவது காரணத்தை அவன் பெண்டாட்டி கல்பனாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தக் கம்பெனிக்குள் அவன் ஒரு நாளும் கால் வைத்ததில்லை!

"தூசு வந்தா கம்ப்யூட்டர் படுத்துரும் சார்," என்று மணவாளன் முதல் மாதமே வாசலில் மறித்தான். "வெளியாளு வந்தா வைரஸ் வேற." கம்ப்யூட்டர் ரூமுக்குள் நுழைகிற எவனும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவான் என்பது ஊரறிந்த சட்டம். வெங்கடேசன் படியில் கிடந்த செருப்பை எண்ணினான். இருபது ஜோடி. 'நேரில் பார்த்து எண்ணினேன்' என்று எழுதினான். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

அவன் சைக்கிளை மிதித்து மில்லை அடைந்தபோது, படிக்கட்டுக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார் ராஜமாணிக்கம். பக்கத்தில் ஏட்டு முனுசாமி. கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம்.

"பாவம்யா," என்றார் எஸ்.ஐ. குரலைத் தாழ்த்தி. "காணாம போனவங்களோட சொந்தக்காரங்க போலருக்குது. காலைலேருந்து நிக்கிறாங்க. அழக்கூடத் தெம்பில்ல."

வெங்கடேசன் திரும்பிப் பார்த்தான். அழுகிற முகம் ஒன்றுகூடத் தென்படவில்லை. இரண்டு பேர் பன் தின்றுகொண்டிருந்தார்கள்.

அப்புறம் செருப்பைப் பார்த்தான். இத்தனை நாள் எண்ணினானே ஒழிய, இன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தான்.

ராத்திரி பெய்த மழையில் ஊர் முழுக்கச் சேறு. இருபது ஜோடியில் ஒன்றில்கூடச் சேறு இல்லை!

ஒன்றைப் புரட்டினான். எட்டாம் நம்பர். அடுத்தது எட்டு. அதற்கடுத்ததும் எட்டு. இருபது ஜோடியும் எட்டாம் நம்பர். ஒன்றில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது.

இருபது பேர் காணாமல் போகவில்லை. இருபது பேர் இருந்ததே இல்லை!

"சார்..." என்று ஆரம்பித்தான்.

"பேசாத. மூக்க கொஞ்சம் வேலை செய்ய வுடு," என்றார் எஸ்.ஐ. "வாடை வருதா?"

வந்தது. மூவரும் உள்ளே நுழைந்தார்கள். கூடத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பத்தொன்பது மேஜையில் வெறும் அட்டைப் பெட்டி. அதற்குப் பின்னால் பெரிய பூட்டுத் தொங்கிய இரும்புக் கதவு. மேலே 'சர்வர் ரூம்' என்று எழுதியிருந்தது. கதவிடுக்கிலிருந்து வாடை குப்பென்று வந்தது.

ராஜமாணிக்கம் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். "பொண வாடைய்யா. இருபது பேரும் உள்ளதான் இருக்கறாங்க."

"சார், இது வந்து..." என்றார் முனுசாமி.

"நீ சும்மா இரு."

"இல்ல சார், இந்த வாடை எங்க ஊட்டுல தெனம்..."

"சும்மா இருய்யான்னா."

ராஜமாணிக்கம் சுத்த சைவம். பிறந்ததிலிருந்து முட்டை வாடைகூட அறியாத மூக்கு அது. முனுசாமி வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மணவாளன் இறங்கி ஓடி வந்தான். வந்த அவசரத்திலும் படியில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். பழக்கதோஷம்.

"சார், சார், அந்தக் கதவத் தொறக்காதீங்க. சர்வர் இருக்குது. தொறந்தா வைரஸ் பரவும்."

"இருபது பொணத்த விடவாய்யா உன் வைரஸ் பெருசு?"

"பொணமா?"

"ஏட்டு... ஒடைய்யா!"

கடப்பாரை விழுந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... பூட்டு தெறித்தது. கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

உள்ளே பிணம் இல்லை.

கட்டை இருந்தது. தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய கட்டை. வெட்டுவாயில் ரத்தச் சிவப்பு.

செம்மரம்!

கதவுக்குக் கீழே ஒரு நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் பிரிந்து கிடந்தது.

"அத்தச் சொல்லத்தான் சார் வாயத் தொறந்தேன்," என்றார் முனுசாமி.

எஸ்.ஐ. மணவாளன் பக்கம் திரும்பினார். மணவாளன் அங்கே இல்லை. வயல் வழியாக ஓடிக்கொண்டிருந்தான், வெறுங்காலோடு. ஐம்பதடி ஓடியதும் நெருஞ்சி முள் தன் கடமையைச் செய்தது. முனுசாமி அவசரமே இல்லாமல் நடந்துபோய்த் தூக்கி வந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றான் மணவாளன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு. "கம்பெனி என் பேர்ல இல்ல. ஜுவைரியான்னு ஒரு பொண்ணு, அது பேர்ல இருக்குது. அத்தப் புடிங்க."

"எவ அவ?"

"நான்தான் சார்."

வேப்பமரத்தடிக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். கறுப்பு பர்தா. இருபத்துநாலு வயது இருக்கலாம். கையில் ஒரு நோட்டு.

"போன் பண்ணதும் நான்தான்," என்றாள்.

ராஜமாணிக்கத்தின் மீசை நிமிர்ந்தது. "போலீசுக்கே பொய்த் தகவலா?"

"ஒரு வார்த்த பொய் சொல்லல சார். இருபது ஜோடி செருப்பு வெளிய இருக்குது, உள்ள ஒரு ஆளு இல்லன்னேன். இருக்குதா இல்லியா?"

எஸ்.ஐ. செருப்பைப் பார்த்தார்.

"போன மாசம் ரெண்டு வாட்டி ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆந்திரா பார்டர், எளாவூர் பக்கத்துலேருந்து லாரி வருது, மரம் எறங்குதுன்னு சொன்னேன். எழுதிக் குடுத்துட்டுப் போ, பெரியவங்க யாரையாவது கூட்டிக்கினு வான்னு நீங்கதான் சொன்னீங்க. செருப்பு இருக்குது, ஆளு இல்லன்னு சொன்னப்ப பத்தே நிமிஷத்துல வந்தீங்க. கதவ ஒடைக்க மாட்டீங்களோன்னு பயந்து, நெத்திலிய இடுக்கு வழியா நான்தான் தள்ளி வுட்டேன்."

முனுசாமிக்கு இருமல் வந்தது. சிரிப்பை மறைக்கிற இருமல்.

"அதெல்லாம் சரி," என்றார் எஸ்.ஐ., அடிபட்ட குரலில். "கம்பெனி உன் பேர்ல. எடம் உன் பேர்ல. அப்ப கட்டையும் உன்னுது. ஜீப்புல ஏறு."

ஜுவைரியாவின் முகம் வெளுத்தது. "நான் கம்ப்யூட்டர் மட்டுந்தான் சார் பாக்கறேன். எங்க அத்தாவுக்குப் பழவேற்காட்டுல கருவாட்டு மண்டி. கருவாட்ட இன்டர்நெட்டுல போட்டு வித்தேன்..."

"ஜீப்புல ஏறும்மா."

வெங்கடேசனின் கக்கத்தில் ஃபைல் இருந்தது. அதில் ஒரே ஒரு தாள் போதும், அவள் தப்பிக்க.

ஒரு பெயருக்கு ஆயிரம் அடிக்குத்தான் சலுகை. மில்லோ இரண்டாயிரம் அடி. இன்னொரு ஆயிரத்துக்கும் வரி கட்ட மனசு வராமல், முன்பாதியை அவள் பெயரிலும் பின்பாதியைத் தன் பெயரிலும் மணவாளனே எழுதிக் கொடுத்திருந்தான். சர்வர் ரூம் முழுக்க முழுக்க அவன் கையெழுத்தில்!

ஆனால் அதே தாளின் அடியில் இன்னொரு கையெழுத்தும் இருந்தது. 'இருபது பேரையும் நேரில் பார்த்து எண்ணினேன். வெங்கடேசன்.'

பேசாமல் இருந்துவிடலாம். அந்தப் பெண் பேரூராட்சியையே ஏமாற்றிவிட்டாள் என்று முடித்துவிடலாம். நிரந்தர ஆர்டர் வரும். பதினேழு வருடம்...

அவன் அவளைப் பார்த்தான். நோட்டை விடாமல் பிடித்திருந்தாள். அவன் பெண்ணைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும்.

"சார், நில்லுங்க," என்றான் வெங்கடேசன். தாளை உருவி நீட்டினான்.

எஸ்.ஐ. கைநீட்டுவதற்குள் வேறொரு கை அதை வாங்கியது. இன்னொரு ஜீப் வந்து நின்றதை யாருமே கவனிக்கவில்லை. மணி சரியாகப் பதினொன்று. உதவி இயக்குநர் ஆதிநாராயணன்!

அவர் தாளின் மேல்பாதியைப் படித்தார். "பின்பாதி மணவாளன் பேர்லதான் இருக்குது. எஸ்.ஐ. சார், அந்தப் பொண்ண விட்டுட்டு அவன ஏத்துங்க."

அப்புறம் அடியில் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருப்பா வெங்கடேசன்?"

"நான்தான் சார்."

"இருபது பேரையும் நேர்ல பாத்தியா?"

"செருப்பப் பாத்தேன் சார்."

"செருப்ப?"

"ஆறு மாசமா சார்."

ஆதிநாராயணன் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஜீப் பானெட்டில் தாளை வைத்து எழுதினார். தற்காலிகப் பணியாளர் வெங்கடேசன் இன்று முதல் வேலையிலிருந்து நீக்கம். கையெழுத்து. முத்திரை.

வெங்கடேசன் வாங்கிக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்தது. கூட்டத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"அடுத்தது," என்றார் ஆதிநாராயணன். "கம்பெனில ஆளே இல்ல. சலுகை ரத்து."

"ஆளு இருக்குது சார்," என்றாள் ஜுவைரியா.

நோட்டைப் பிரித்து ஆர்டர் கணக்கைக் காட்டினாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள், வீட்டு ஓனருக்குத் தெரியாமல் கருவாட்டுக்கு ஏங்குகிறவர்கள். வாடை வராமல் காற்றை உறிஞ்சிக் கட்டி அனுப்பினால் போதும். தினம் நூற்றுமுப்பது ஆர்டர். ஒற்றை ஆளாக ஆறு மாதம் பார்த்தாயிற்று. ஆள் போடச் சொன்னால், செருப்பு போதுமென்றான் மணவாளன்.

"அதான் நானே ஆளு எடுத்துட்டேன். இன்னிக்குத்தான் மொத நாள். மரத்தடில நிக்கிறவங்க எல்லாம் ஏரிக்கண்டிகை ஆளுங்க. போன மாசம் வரைக்கும் உள்ள வரிய நாங்க கட்டிடறோம். இன்னிலேருந்து சலுகை குடுங்க சார்."

"அடப்பாவிங்களா," என்றார் எஸ்.ஐ. கூட்டத்தைப் பார்த்து. "உங்களுக்கா நான் இவ்ளோ நேரம் ஆறுதல் சொன்னேன்?"

ஆதிநாராயணன் தலை தலையாக, ஒவ்வொருவரின் ரேஷன் கார்டையும் பார்த்து எண்ணினார்.

"பத்தொம்போது."

"இருபதாவது ஆளு ஷஹனாஸ், போலீஸ் ஜீப்பப் பாத்துட்டு ஊட்டுக்கு ஓடிடுச்சு சார். என்னையும் சேத்து இருபது."

"ஓனர் கணக்குல வராது. ஒண்ணு குறையுது. தீர்மானம் தீர்மானம்தான். ரத்து."

பத்தொன்பது பேரும் மறுபடி சிப்காட் பஸ்ஸை நினைத்துக்கொண்டார்கள்.

ஜுவைரியா வெங்கடேசனின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"சார், அந்த அண்ணன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு."

"சீல்?"

"அதுவும் குத்தியாச்சு. ஏன்?"

"அப்ப இந்த நிமிஷம் அவருக்கு வேலை இல்ல. உள்ளூர் ஆளு. அண்ணே, எங்களாண்ட பில் போட வரீங்களா?"

வெங்கடேசன் ஓரடி முன்னால் வந்தான். "டெம்ப்ரவரியாம்மா?"

"பர்மனென்ட்."

அடக்கி வைத்த அழுகை இப்போது தாராளமாக வந்தது. ஆதிநாராயணன் அவன் ரேஷன் கார்டைக் கேட்டு வாங்கினார். பெயரைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "இருபது," என்று சொல்லிவிட்டுச் சலுகைத் தாளில் கையெழுத்துப் போட்டார். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

செல்போன் அடித்தது. கல்பனா.

"இன்னாங்க, இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுதா? பர்மனென்ட் ஆர்டர் இன்னாச்சு?"

"கெடச்சிடுச்சு கல்பனா."

"நெசமாவா? எந்த டிபார்ட்மென்ட்டுல?"

வெங்கடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"கருவாட்டுல."