அளவுத் தண்ணீர்

தட்டில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. குருமூர்த்தி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தார். நம்பிக்கை வராமல் விரலால் தடவியும் பார்த்தார். ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் காதில், இப்போதுதான், தண்ணீர் விழும் சத்தமும் அது நின்றதும் அடிக்கும் 'டிங்' என்ற மணியும் கேட்டிருந்தன. சாப்பாட்டு மேஜை மேல் தண்ணீர் மிஷின் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அதன் கீழே டம்ளர் இல்லை, சொம்பு இல்லை, ஒன்றுமே இல்லை. விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக்கு மாறியது.

பயப்படுகிற வேளையும் இல்லை அது. கொல்கத்தாவின் பாலிகஞ்ச் ஸ்டேஷனிலிருந்து ஒரு லோக்கல் ரயில் கிளம்பிப் போகும் இரைச்சல் கேட்டது; கீழே தெருவில் ஜால்முரி என்கிற காரப்பொரி விற்பவன் டப்பாவைத் தட்டிக்கொண்டு போனான்; பால்கனிக் கம்பியில் சாயங்கால வெயில் மிச்சம் இருந்தது. வைசாக மாதத்துப் புழுக்கத்தில் காதுகூடக் கோளாறு பண்ணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தார். ஆனால் அதற்கப்புறம் ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை.

அந்த மிஷினை வாங்கி வைத்தவன் ஹைதராபாத்தில் இருக்கும் பிள்ளை கிரிதர். வேடிக்கையான மிஷின்தான். அழுத்தப் பொத்தான் கிடையாது, திருகக் குழாய் கிடையாது. கீழே பாத்திரத்தை வைத்தால் போதும். ஒரு சின்னக் கண் பாத்திரம் இருக்கிறதா என்று பார்க்கும். இன்னொரு கண் அதன் உயரத்தை அளக்கும். சிவப்பு பச்சையாகும், தண்ணீர் விழும், விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே தானாக நின்று மணியடிக்கும். வழியாது, சிந்தாது. பாத்திரம் இல்லையென்றால் அதன் முன்னால் நீங்கள் குட்டிக்கரணம் போட்டாலும் ஒரு பொட்டுத் தராது.

இதை வாங்கியது சிந்தாமல் இருப்பதற்காக அல்ல, பட்டுவுக்காக. குருமூர்த்தியின் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காலில் நின்று, பிறகு மார்பில் ஏறி மூச்சை அடைத்தது. டயாலிசிஸ் ஒரு பக்கம் நடக்க, ஒரு நாளைக்குக் குடிக்க இவ்வளவுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிரிதர் அந்த அளவை மிஷினுக்குள் ஏற்றினான். அது தீர்ந்துவிட்டால் மறுநாள் விடியும் வரை மிஷின் வாயைத் திறக்காது; தலையில் மாட்டிய கேனையும் கழற்ற விடாது. குழாயில் வருவதோ இரும்பு நாற்றம் அடிக்கும் தண்ணீர். வாயில் வைக்க முடியாது.

"நீங்க மனசு கேக்காம குடுத்துடுவேள்ப்பா. மிஷின் குடுக்காது" என்றான் கிரிதர்.

மிஷின் கொடுக்கவில்லைதான். விடியற்காலையில் குருமூர்த்தி எழுந்து வந்தால், பட்டு அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். மடியில் அவளுடைய வெள்ளி டம்ளர். சிவப்பு எப்போது பச்சையாகும் என்று கண்ணிமைக்காமல் காத்திருப்பாள். நாற்பது பேர் வந்தாலும் சலிக்காமல் காபி கலந்து கொடுத்த கை, ஒரு வாய்த் தண்ணீருக்காக இப்படிக் காத்திருப்பதைப் பார்க்க அவருக்கு வயிறு எரியும்.

"ஏன்னா, ஒரே ஒரு வாய் ஜலம். தொண்டையை நனைச்சுக்கறேன், அவ்வளவுதான்."

"உன் நல்லதுக்குத்தானே பட்டு."

"நல்லதெல்லாம் இருக்கட்டும். நாக்கு ஒட்டிண்டுடுத்து."

சித்திரை பிறந்த வாரத்தில், பட்டப்பகலில், மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. பட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜலம், ஜலம் என்றாள். அன்றைய அளவு தீர்ந்து மிஷினில் சிவப்பு எரிந்தது. அப்புறம் அவள் கேட்பதையும் நிறுத்திக்கொண்டாள். அப்போதுதான் குருமூர்த்திக்கு உறைத்தது, இது தாகம் மட்டும் இல்லை, கடைசி வாய் என்று. கும்பகோணத்தில் அண்ணா வீட்டுப் பூஜை அறையில் ஈயம் வைத்து அடைத்த கங்கைச் சொம்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர் உறவுக்காரர் எந்த வீட்டிலும் அது இருக்கும். கொல்கத்தாவில் அதை யார் வைத்துக்கொள்கிறார்கள்? கங்கையே ஊருக்குள் ஓடும்போது சொம்பில் அடைத்து வைப்பானேன் என்று எல்லோரையும் போல அவரும் இருந்துவிட்டார். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் இருந்த அத்தனை வருஷமும் ஜன்னலைத் திறந்தால் கங்கைதான். அன்று வீட்டில் ஒரு துளி இல்லை. எதிர் பிளாட் மித்ரா பௌதி தன் வீட்டு சாமி அறையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது பட்டுவின் பல் கிட்டிவிட்டது. ஊற்றிய தண்ணீர் கன்னத்து வழியாக வழிந்து தலையணையில் போயிற்று.

பத்து நாளும் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். ஆத்மா தாகம் தீர்ந்து கிளம்பிவிட்டது என்றார் லேக் மார்க்கெட்டிலிருந்து வந்த சாஸ்திரிகள். காரியம் முடிந்து கிரிதர் ஊருக்குப் போனான். அவர் நம்பத்தான் பார்த்தார்.

முதல் தடவை சத்தம் கேட்டதற்கு மறுநாள் சாயங்காலம், அது வருவதற்கு முன்பே அவர் சாப்பாட்டு மேஜை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மிஷினில் இல்லாத சத்தம் எதுவோ முதலில் வந்தது. உலோகம் தட்டில் உட்காரும் சின்ன 'டொக்'. விளக்கு பச்சையானது. தண்ணீர் விழுந்தது. மிஷின் வாயிலிருந்து ஒரு சாண் இறங்கி, அங்கேயே இல்லாமல் போயிற்று. தட்டைத் தொடவில்லை. டம்ளர் நிரம்ப நிரம்ப நீரின் சத்தம் கனத்திலிருந்து மெல்லிசாக ஏறிக்கொண்டே போகுமே, அதே ஏற்றம் கேட்டது. அது எந்த டம்ளர் என்றுகூட அவருக்குத் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் அந்த வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அவர். ஒரு விரற்கடை மிச்சம் வைத்து நின்றது. டிங். சிவப்பு. பிறகு, காற்றில் எங்கோ, ஒரு மடக்கு விழுங்கும் ஒலி.

அவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். அதோடு, சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும், அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது.

காலையில் அமலா கையில் விளக்குமாறோடு வந்து நின்றாள். பட்டு இருந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சமைப்பவள். வங்காளமும் ஹிந்தியும் கலந்து பேசுவாள்.

"மேஷோமஷாய், தினமும் நான் நாற்காலியைச் சுவரோரமாப் போட்டுட்டுப் போறேன். மறுநாள் வந்தா மிஷின் முன்னாடி கிடக்குது. நீங்க ஏன் அங்க உட்கார்றீங்க?"

"நான் உட்காரலை."

அமலா நாற்காலியைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். விளக்குமாற்றை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மாஷிமார் தேஷ்டா பேயேச்சே" என்றாள் தணிந்த குரலில். மாஷிமாவுக்கு, அதாவது பட்டுவுக்கு, தாகம் எடுக்கிறது. அன்றைக்குச் சமைக்காமலே படியிறங்கிப் போனவள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் தாகத்தை ஒவ்வொரு மணியாகக் கேட்டார். மத்தியானத்துக்குள் அளவு தீர்ந்துவிடும். மிஷின் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த டம்ளர் தட்டில் தட்டும். டொக். சற்றுப் பொறுத்து, டொக். கோபமாக இல்லை, கெஞ்சலாக. நடுநடுவே ஈரமில்லாத தொண்டை எச்சிலைத் தேடி விழுங்கப் பார்க்கும் வறட்டுச் சத்தம். அவர் ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துத் தட்டில் வைத்துப் பார்த்தார். சொம்பு அப்படியே இருந்தது. அவளுக்குக் கொடுக்காமல் போன இடத்திலிருந்துதான் அவள் கேட்டாள்.

மனம் தாங்காமல் பிள்ளைக்குப் போன் செய்தார்.

"சென்சார்ல தூசி படிஞ்சிருக்கும்ப்பா. மெல்லிசுத் துணியால துடைச்சுடுங்கோ."

"தண்ணி விழறதுடா. விழுந்தது எங்க போறது?"

"நீங்க சரியாத் தூங்கறேளாப்பா?"

"கிரி, அந்த அளவை எப்படிடா எடுக்கறது?"

"சிவப்பு விளக்கு மேலயே விரலை வெச்சு அமுக்கிப் பிடிச்சுண்டா போறும். பூட்டு விட்டுடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிஞ்சா குடுத்துடுவேள்னுதான் அப்போ சொல்லலை."

குருமூர்த்தி போனை வைத்துவிட்டுத் தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மத்தியானம் பட்டு பிடித்திருந்தது இந்தக் கையைத்தான். பிள்ளை மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அவன் அம்மாவைக் காப்பாற்றப் பார்த்தான். கோபித்துக்கொள்ள யாருமே இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் டாக்சி பிடித்து பாபுகாட் போனார். படித்துறையில் முழங்கால் வரை இறங்கி, மிதந்து வந்த சாமந்தி மாலையை ஒதுக்கிவிட்டு, பெரிய கேன் நிறைய கங்கையைப் பிடித்தார். கலங்கலான நீர். டாக்சிக்காரன்தான் பாவம் பார்த்துத் தூக்கி வைத்தான். வீடு வந்து சேர்வதற்குள் வடமேற்கில் வானம் மைக்கறுப்பாக ஏறிவிட்டது. கால்பைசாகிப் புயல்மழை வரப்போகிறது என்று மித்ரா பௌதி பால்கனியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டே கத்தினாள். நாலு மணிக்கே வீட்டுக்குள் இருட்டிவிட்டது. புழுதி மணமும் ஆற்றுச் சேற்று மணமும் அறைக்குள் கலந்து நின்றன.

கங்கையை வேட்டித் துணியில் வடிகட்டினார். நாற்காலி ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. சிவப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினார். பூட்டு விட்டது. பழைய கேனைக் கழற்றிவிட்டுக் கங்கைக் கேனைப் பொருத்தினார்.

டொக்.

பச்சை.

"குடி பட்டு. வேண்டிய மட்டும் குடி. இனிமே அளவு கிடையாது."

தண்ணீர் விழுந்தது. ஏறும் சத்தம் வரவில்லை. விழுந்துகொண்டே இருந்தது, ஒரே கனத்தில், அடியில்லாத எதிலோ விழுவது போல. விளக்கு பச்சையாகவே நின்றது. பாத்திரம் இருக்கிறது, நிரம்பவில்லை என்று அந்தக் கண் சொல்லிக்கொண்டே இருந்தது. விழுங்கும் ஒலி நெருக்கமாக வந்தது. ஒன்றன் மேல் ஒன்றாக. மூச்சு விடக்கூட இடைவெளி இல்லாமல். முதலில் அவருக்கு மனம் குளிர்ந்தது. அவள் இப்படிக் குடித்துப் பார்த்து எத்தனை காலம்!

கேனில் பாதி போயிற்று. முக்கால் போயிற்று.

"மெதுவா. புரையேறிடும்."

காற்று ஜன்னலை அறைந்தது. கரண்ட் போனது. பச்சை அணைந்தது, தண்ணீர் நின்றது. இருட்டில், உடனே, டம்ளர் தட்டியது. டொக். டொக். டொக். இப்போது கெஞ்சல் இல்லை.

அவர் கேனைக் கழற்றித் தூக்கிக் கையாலேயே சரித்தார். தட்டில் விழும் சத்தம் இல்லை. தரையில் வழியும் ஈரம் இல்லை. குடித்துக்கொண்டிருந்தாள். போதும் என்று சொல்ல இப்போது மிஷினும் இல்லை. கேன் தீர்ந்தது. குடத்தைக் கொண்டுவந்தார். தீர்ந்தது. குளியலறை வாளி, இரும்பு நாற்றத்தோடு. தீர்ந்தது. பூஜைப் பஞ்சபாத்திரத்தில் இருந்த உத்தரணித் தண்ணீர். குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. மோட்டார் ஓடாது.

"அவ்வளவுதான் பட்டு. ஆயிடுத்து."

விழுங்கும் ஒலி நின்றது.

அவர் கை நனைந்திருந்தது. அதை மேஜை மேல் ஊன்றியிருந்தார். உள்ளங்கையில் ஏதோ பட்டது. சொரசொரப்பாக. இரண்டு உதடுகள். வெடித்த உதடுகள். விரலிடுக்கில் தங்கிய ஈரத்தைத் தேடித் தேடி உறிஞ்சின.

கையை இழுக்க வேண்டும் என்று உடம்பு முழுதும் பதறியது. இழுக்கவில்லை. ஒரு முறை கொடுக்காமல் இருந்தது போதும்.

ஈரம் தீர்ந்தது. உதடுகள் விடவில்லை.

வலி இல்லை. இழுவை மட்டும். நகக்கண்ணிலிருந்து மணிக்கட்டுக்கு. மணிக்கட்டிலிருந்து மேலே. அவருடைய நாக்கு மெல்ல மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணில் நின்ற நீர்கூடக் காய்ந்தது.

மின்னல் வெட்டியது. நாற்காலியில் யாரும் இல்லை. மேஜை மேல் நீட்டிய அவர் கை மட்டும் தெரிந்தது. முழங்கை வரைக்கும் தோல் எலும்போடு ஒட்டி, சுள்ளியாக வற்றிக் கிடந்தது. வற்றல் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மழை வரவேயில்லை.

"இன்னும் இருக்கு பட்டு" என்று சொல்லி, குருமூர்த்தி மற்றக் கையையும் நீட்டினார்.