குடைக்குள் நின்றவள்

ஹான் ச்சூமிங்கின் முகம் போன அன்று மிருதுளா வீட்டில் சேமியா பாயசம் வைத்தாள். மெனக்கெட்டு முந்திரி எல்லாம் வறுத்துப் போட்டாள். அவன் செத்துப்போகவில்லை. சீனாவில் ஏதோ ஒரு நகரத்தில் உயிரோடுதான் இருந்தான். ஆனால் அவன் நடித்த தொடர்கள் அத்தனையிலும் அன்று காலை முதல் ஷூ வெய்லானின் முகம் இருந்தது. ஷூ வெய்லான் மிருதுளா கொண்டாடும் நடிகன். அவனைப் பற்றி ஒரு பேட்டியில் மட்டமாகப் பேசியதுதான் ஹான் செய்த குற்றம்.

திரைத்தூய்மி என்ற அந்தப் பொறி முதலில் ஒரு படக்கூடத்துக்குள் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் கெட்ட நடிகனின் முகத்தைப் பழைய காட்சிகளிலிருந்து எடுத்துவிட்டு வேறு முகத்தை ஒட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. பிறகு உலகமே கண்ணுக்குள் பார்வைவில்லையையும் காதுக்குள் செவிமணியையும் பதித்துக்கொண்டது. கைப்பேசிகள் குப்பைக்குப் போயின, தூய்மி வில்லைக்குள் குடியேறியது. அதன் பிறகு நீக்கப்பட்டவன் திரையில் மட்டுமல்ல, தெருவிலும் தெரியவில்லை. அவன் நிற்கும் இடத்தில், அவனுக்குப் பின்னாலிருக்கும் சுவரையோ மரத்தையோ வில்லை வரைந்து நிரப்பிவிடும். அவன் கத்தினால் செவிமணி விழுங்கிவிடும்.

ஹான் தன் அம்மா வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறானாம், அந்தம்மாள் காற்று என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறாளாம் என்று ஒரு வதந்தி வந்தது. மிருதுளாதான் அதைத் தமிழில் எழுதிப் போட்டாள். அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள் குவிந்தன.

யாரை நீக்குவது என்று முடிவு செய்தவர்கள் ரசிகர்கள். திருப்பூரில் சின்ன மருத்துவமனை ஒன்றில் டாக்டராக இருந்த மிருதுளா, ஷூ வெய்லானின் தமிழ் அணிக்குத் தலைவி. மருத்துவம் படித்தது சீனாவில் என்பதால் மொழி தெரியும். அங்கே அவன் தும்மினால் இங்கே அவள் எழுதிவிடுவாள். மற்ற நாட்டு அணிகளை முந்துவதற்காக அவள் தன் ஆட்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். வாக்கெடுப்பு வந்த உடனே ‘நீக்கு’ என்று போட்டுவிட வேண்டும், அதோடு வரும் புகைப்படத்தை அப்புறம் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அருகாளர் விதி வரவேண்டும் என்று ஓயாமல் கேட்டு வாங்கியதும் அவள் அணிதான். நீக்கப்பட்டவரோடு படங்களில் ஒட்டி நிற்பவர் யாரென்று தெரிந்தால், அவரையும் வாக்குக்கு விடலாம் என்பது அந்த விதி. களையைப் பிடுங்கினால் வேரோடு பிடுங்க வேண்டாமா என்று அவள் எழுதியது அன்று எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய புகைப்படம் ஒன்று வெளியே வந்தது. ஷூ வெய்லான் புகழ் பெறுவதற்கு முன்னால் எடுத்தது. மழை. நூடுல்ஸ் கடை வாசல். முகக்கவசம் போட்ட வெய்லான் குடை பிடித்திருக்கிறான். அதே குடைக்குள், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்.

அணி கொதித்துப்போனது. ரகசியக் காதலியா? இத்தனை வருஷம் மறைத்தானா? மிருதுளாவுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி, பள்ளிக்குப் போகும் மகளை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் வயிறு எரியலாமா என்று கேட்டால் பதில் கிடையாது, எரிந்தது. அந்தப் பெண்ணை நீக்குவதா என்ற வாக்கெடுப்பு தொடங்கிய உடனே ‘நீக்கு’ என்று போட்டாள். தமிழ் அணி உலகத்திலேயே முதலாவதாக வந்தது.

அதற்குப் பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் தோளில் ஒரு மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் சிவப்பு எழுத்தில், மழையில் நனைந்து, ஒரு திருமண மண்டபத்தின் பெயர் தமிழில் இருந்தது. மிருதுளாவின் அக்கா கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை.

மிருதுளாவுக்கு நினைவு வந்தது. சீனாவில் படித்தபோது, விடுதிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவில், அந்த நூடுல்ஸ் கடை வாசலில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. யாரோ ஒரு பையன் குடையை நீட்டினான். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டாள். அவனா இவன்? அவன் குடைக்குள்ளா நின்றாள்? சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணுக்குள்ளேயே, வில்லையின் ஓரத்தில், நீக்கு வாக்குகள் ஏறிக்கொண்டிருந்தன.

அணியில் அவளுக்கு அடுத்தவள் தூத்துக்குடி ரெபெக்கா. மிருதுளா அவளை அழைத்தாள்.

“ரெபெக்கா, எல்லாரையும் நிறுத்தச் சொல்லு. அது காதலி இல்ல.”

“ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“அது நானுங்கறேன்! அந்தப் பை எங்கக்கா கல்யாணத்துப் பை. ரோட்டுல நனைஞ்சுட்டு நின்னேன், பாவம்னு குடை புடிச்சாரு. அவ்வளவுதான்.”



“நீங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேக்கா.”

“எனக்கே இப்பத்தான் தெரியும் புள்ள.”

“குடைக்குள்ள நின்னவளுக்குத் தெரியாதாம்மா?” ரெபெக்காவின் குரலில் பழைய ஒட்டுதல் போயிருந்தது. “இத்தன நாளு எங்களயெல்லாம் கேணச்சின்னு நெனச்சிட்டீங்களோ.”

இவளிடம் பேசிப் பயனில்லை என்று மிருதுளாவுக்குத் தோன்றியது. நேராகத் தூய்மிக்கே மறுப்பு எழுதினாள். படத்தில் இருப்பது நான், என் பெயர் மிருதுளா, அன்று நடந்தது இதுதான் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். ஆதாரத்துக்கு அக்காவின் கல்யாணப் படத்தையும், அந்தக் காலத்தில் எடுத்த தன் படங்களையும் சேர்த்தாள். அனுப்பிவிட்டு மூச்சு விட்டாள்.

பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில்.

‘நன்றி. வாக்கெடுப்பு முடிந்தும், முகம் தெரியாததால் இந்த நீக்கம் நிறைவேற்றப்படாமல் இருந்தது. அடையாளம் இப்போது உறுதியாகிவிட்டது.’

பேசாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். ஒரு முதுகை வைத்துக்கொண்டு பொறியால் என்ன செய்திருக்க முடியும்? தன் பெயரை எடுத்து அதன் வாயில் போட்டவள் அவளேதான்.

கணவன் தரணிதரன் படுக்கையறையிலிருந்து கொட்டாவி விட்டபடி வந்தான். கூடத்து சோபாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் கண் அவள் மேல் பட்டு, நிற்காமல் சுவருக்குப் போனது.

“மிருது? எங்க போயிட்டே? டீ வெக்கட்டுமா?”

“ஏனுங்க, இங்கதானுங்க இருக்கறேன்!”

அவன் சமையலறையை எட்டிப் பார்த்தான். அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் அலறிக்கொண்டு உதறினான். அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததே இல்லை. சுவரோடு ஒட்டி நின்று, தன் கையையே தடவித் தடவிப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே விலகினாள்.

மகள் நறுமுகை ஓடி வந்தாள். “ஏம்ப்பா கத்துனீங்க? அம்மா எங்க?”

“ஒண்ணுமில்ல சாமி. கை மரத்துப் போச்சாட்டம் இருக்குது. அம்மா கடைக்குப் போயிருப்பா.”

குழந்தையை வாரி அணைக்க மிருதுளாவின் இரண்டு கைகளும் நீண்டன. அப்பனே அப்படி அலறினான், குழந்தை என்ன ஆவாள்? கைகளை இழுத்துக்கொண்டாள். மகள் பக்கத்திலேயே நின்றாள், ஒரு முழம் தள்ளி, அவளுடைய தேங்காயெண்ணெய் வாசம் தெரியும் தூரத்தில்.

அப்போது அவளுடைய வில்லையில் ஒரு புதிய அறிவிப்பு விரிந்தது. அவளால் இனி எதையும் அழுத்த முடியாது, ஆனால் பார்க்க முடிந்தது. அருகாளர் விதிப்படி தூய்மி அவளுடைய பழைய படங்கள் எல்லாவற்றையும் துழாவி முடித்திருந்தது. கோயில், கடற்கரை, பிறந்தநாள் என்று தரணிதரன் எடுத்த எல்லாப் படத்திலும் அவளை ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு சிறுமி.

வாக்கெடுப்பு தொடங்கியது. தமிழ் அணியில் ‘நீக்கு’ என்ற பச்சைப் புள்ளிகள் மளமளவென்று விழுந்தன. யாரும் படத்தைத் திறக்கவில்லை. அவள் பழக்கியது வீண்போகவில்லை.

ஆள் சேர்க்க வேண்டுமென்று தரணிதரனையும் அவள்தான் அந்த அணியில் சேர்த்திருந்தாள். சீன நடிகர் ஒருவர் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அவளுக்காக, அவள் சந்தோஷப்படுவாள் என்பதற்காக மட்டும், வருவதற்கெல்லாம் ‘நீக்கு’ என்று போட்டுவிடுவான்.

இப்போது அவன் வில்லையிலும் அது வந்தது. மகள் தலையை ஒரு கையால் தடவிக்கொண்டே மறுகையைக் காற்றில் உயர்த்தினான்.

“வேண்டாமுங்க! படத்தப் பாருங்க! ஒரு தடவ பாருங்க!” மிருதுளா தொண்டை கிழியக் கத்தினாள். பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவன் கையைப் பிடுங்கிக்கொண்டான்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல கண்ணு,” என்றான் தரணிதரன். “அம்மாவோட ஓட்டு ஒண்ணு வந்திருக்குது. போடலீன்னா வந்ததும் கோவிச்சுக்குவா.”

போட்டுவிட்டான்.