ஐந்தாவது தாத்தா

ஜானெலுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அல்மாத்தி டிராலி பஸ்ஸில், காலைக் கூட்டத்தில், ஒரு பெண் தனியாகக் களுக் களுக்கென்று சிரித்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நினைத்துவிட்டுப் போகட்டும்! கையிலிருந்த நாவல் அப்படி. கொரிய அப்பா, ஜெர்மன் அம்மா, தத்தார் மருமகள்... ஒரே வீட்டில் மூன்று மொழியில் சண்டை!

எதிர் சீட்டில் ஓர் இளைஞன். காலடியில் சொட்டும் குடை. கருகருவென்ற கண்கள்... அவற்றில் கோபம்.

"என்னங்க, என் மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"ஐயே, நினைப்புதான்! இந்த மாப்பிள்ளையை நினைச்சு சிரிக்கிறேன். கொரியப் பையன், எங்களை மாதிரி ஒரு கஸாக் வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வர்றான். பொண்ணோட அப்பா வழக்கப்படி ஏழு தலைமுறைத் தாத்தா பேரைக் கேக்கறார். இவனுக்கு நாலுதான் தெரியும். அஞ்சாவதா, பயத்துல தன் வீட்டு நாய் பேரை..."

"ஷாரிக்."

"அதேதான்! ஊர்ல பாதி நாய்க்கு அந்தப் பேரு! நீங்களும் படிச்சிட்டீங்களா?"

"படிக்க வேண்டியதில்லை. அந்த மாப்பிள்ளை நான்தான். எழுதினது எங்க அத்தை."

ஜானெலுக்குச் சுருக்கென்றது. "அப்போ... அந்தக் கல்யாணம்?"

"நின்னு போச்சு. ஊர் சிரிக்கிறதுதான் இன்னும் நிக்கலை."

அடுத்த நிறுத்தத்தில் விடுவிடுவென்று இறங்கிப் போனான். வெளியே கொட்டும் மழை. குடையோ இங்கே... எதிர் சீட்டடியில்.

சே, என்ன வாய் இது! அதன்பிறகு அவளால் அந்த நாவலைத் திறக்கவே முடியவில்லை. தினமும் அதே பஸ், அதே சீட், மடியில் குடை. வெயில் காய்ந்த நாளிலும் விடவில்லை. அவனை இனிப் பார்க்கவே முடியாதோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை எட்டிப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஏறினான். அவளைக் கண்டதும் கூச்சத்தில் திரும்பி இறங்கப் பார்த்தான்.

"நில்லுங்க! உங்க குடை. அப்புறம்... மன்னிச்சிடுங்க."

"கதையை முடிச்சிட்டீங்களா?"

"இல்லை. சிரிப்பே வரலை. உங்க கண்ணுதான் ஞாபகம் வருது..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் காது மடல் சிவந்தது. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என் பேரு ஆர்த்தூர். உங்களைத் தேடித்தான் மூணு நாளா இந்த ரூட்ல எல்லா பஸ்லயும் ஏறி இறங்கறேன். முதல்ல கோபம்தான், அப்புறம் உங்க சிரிப்பைக் கேக்காம இருக்க முடியலைங்க. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா..." தொண்டையைக் கனைத்தான். "எவ்வளவு தேடியும் நாலு தாத்தாதான் கிடைச்சாங்க. உங்க அப்பா கேட்டா?"

அடேயப்பா, அப்பா வரைக்கும் போய்விட்டானே! ஜானெலின் கண்களில் ஈரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நாலையும் ஒழுங்காச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பேசிக்கறேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, போதுமா? வரும்போது அந்த ஷாரிக்கையும் கூட்டிட்டு வாங்க... எங்க அப்பாவுக்கு நாய்னா உயிரு!"