இஸ்தான்புல்லில் எட்டாம் எண் அறை

கௌரியின் கடவுச்சீட்டைக் காணவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மொன்றியல் வீட்டில், அது தெரியவந்தது. கைப்பை படுக்கையறைக் கதவின் பின்னால், வழமையான கொக்கியில் தொங்கியது. அதன் ஜிப் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. விமானச் சீட்டு இருந்தது, துருக்கி விசா இருந்தது, வங்கி அட்டை இருந்தது, தலையிடித் தைலம்கூட இருந்தது. கடவுச்சீட்டை மட்டும் யாரோ எடுத்துவிட்டு, பையை மறுபடி கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று இரவு அவர் இஸ்தான்புல்லுக்குப் பறக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுவதாக ஏற்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தங்கை வித்தியா ஏற்கனவே கொழும்பு விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கனடா விசா வித்தியாவுக்கு இரண்டு முறை மறுக்கப்பட்டது. கௌரிக்கு ஊருக்குப் போகத் துணிவு வரவில்லை. கடைசியில், இருவரும் போகக்கூடிய ஒரு நகரத்தில் பத்து நாள் ஒன்றாக இருப்போம் என்று முடிவெடுத்தார்கள். கௌரி போய்ச் சேராவிட்டால் வித்தியா தெரியாத ஊரில் தனியே இறங்கி நிற்பாள்.

கௌரி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தக்ஷினிக்குத் தொலைபேசி எடுத்தார்.

தக்ஷினி பக்கத்துத் தெருவில் வளர்ந்த பெண். இப்போது மொன்றியல் பொலிஸில் துப்பறியும் அதிகாரி. அன்று அவளுக்கு விடுமுறை. அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்பாள், பதிலை முழுதாகக் கேட்பாள், அவ்வளவுதான். இந்த இரண்டாவது காரியத்தை ஒழுங்காகச் செய்கிறவர்கள் உலகத்தில் மிகக் குறைவு.

காலை 11.10. பார்க் எக்ஸ்டென்ஷன், புளூம்ஃபீல்ட் தெரு, மூன்றாம் மாடி.

வாசலில் காலையில் கழற்றிப்போட்ட ஆண் சப்பாத்து ஒரு சோடி நனைந்து கிடந்தது. அடியில் பனி உருகித் தண்ணீர் தேங்கியிருந்தது. குசினி மேசையில் கௌரியும், கீழ் வீட்டு மரியம்மாவும். மரியம்மா மட்டக்களப்புக்காரி; ஊர்வழக்கப்படி யாரையும் 'கா' என்று விளிப்பவர். மனதில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவர்.

"கதவு உடைஞ்சதா அன்ரி?" என்று கேட்டாள் தக்ஷினி.

"இல்லைப் பிள்ளை. கதவுச் சங்கிலிகூடப் போட்டபடி இருந்தது. காலமை என்ர மனுசன்தான் திறந்தவர்."

"கடைசியா எப்ப கடவுச்சீட்டைப் பாத்தனீங்கள்?"

"நேற்று ராத்திரி. படுக்க முன்னம் ஒருக்கா, படுத்துப்போட்டு எழும்பி ஒருக்கா."

"காலமை ஆர் வந்தது?"

"மரியம்மா அக்கா ஒராள்தான். தங்கச்சிக்கு மிளகாய்த்தூள் குடுத்துவிடக் கொண்டுவந்தவ. குசினியை விட்டு வெளியில போகேல்லை."

மரியம்மா பொறுமை இழந்தார். "எதுக்குக் கா சுத்தி வளைக்கிறயள்? நான் சொல்லுறன் மகள். வீட்டுக்காரர்தான் எடுத்திருப்பார். நெஞ்சில ஸ்டென்ற் வைச்ச மனுசன். தனிய இருக்கப் பயம். பெண்சாதியை மறிக்க வேற வழி தெரியேல்லை."

அந்த எண்ணம் கௌரிக்கும் வந்திருந்தது. கடவுச்சீட்டு தொலைந்ததைவிட அதுதான் அவரை அதிகம் வதைத்தது. நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர் இப்படிச் செய்வாரா?

கௌரியின் கணவர் பெயர் சண்முகலிங்கம். ஊரில் கணித ஆசிரியர். பெரிய பகுத்தறிவாளர். சாதகம், சகுனம், நாள், கோள் என்று யாராவது வாயைத் திறந்தால் அன்றைக்கு அவர்கள் வீடு போய்ச் சேரப் பிந்தும். சமூக வானொலியில் சோதிடருடன் நேருக்கு நேர் மோதி, சோதிடரைத் தண்ணீர் கேட்க வைத்தவர். கௌரி இந்தப் பயணத்துக்கு நல்ல நேரம் பார்க்கலாமா என்று பயந்து பயந்து கேட்டபோது, "விமானி பஞ்சாங்கம் பாத்தே விமானத்தைக் கிளப்புறவன்?" என்று கேட்டு வாயை அடைத்தார்.

"அங்கிள் எங்கை?"

"பால் வாங்க மூலைக்கடைக்கு, டெப்பனருக்குப் போயிட்டார்."

தக்ஷினி தேநீருக்குப் பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே உடைக்காத பால் பெட்டிகள் இரண்டு இருந்தன. பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அன்ரி, நீங்கள் போய்த் தங்கப் போற இடத்தைப் பற்றிச் சொல்லுங்கோ."

மரியம்மா ஆச்சரியத்துடன் பார்த்தார். கௌரியின் முகமோ கொஞ்சம் தெளிந்தது. அது அவருக்குப் பிடித்த கதை.

"எல்லாம் இவர் பாத்ததுதான் பிள்ளை. எங்களிட்டை ஹோட்டலுக்கு வசதியில்லை. இரண்டு மாசம் கணினிக்கு முன்னால இருந்து கெஸ்ட்ஹவுஸ் ஒண்டைப் பிடிச்சார். பழைய நகரத்துக்க, மரத்தால கட்டின வீடு. ட்ராம் பக்கத்தில. வித்தியாவுக்கு முழங்கால் ஏலாது எண்டு கீழ்த்தட்டில அறை. சோறு இல்லாமல் அவளால இருக்கேலாது எண்டு பொதுக்குசினி உள்ள வீடாப் பாத்தார். மொட்டைமாடியில இருந்து பாத்தால் கடலும் பள்ளிவாசல் கூம்புகளும் தெரியுமாம். காலமைச் சாப்பாடு அறை வாடகையோடை சேத்தி. ஒலிவ் காய், சீஸ், அவிச்ச முட்டை."

கேட்கும்போதே தக்ஷினிக்கு மதிப்பு உண்டானது. ஒரு முறைகூடக் கால் வைக்காத நகரத்தில், கையில் உள்ளதற்குள், இரண்டு வயதான பெண்களின் முழங்காலையும் வயிற்றையும் நினைத்து ஓர் அறை தேடுவது சின்ன வேலை இல்லை.

"நல்ல அறையா கிடைச்சது?"

"அதிலதான் எனக்கொரு குறை. கெஸ்ட்ஹவுஸ் நடத்துற பொம்பிளை, அதே வாடகைக்குப் பெரிய அறை தாறன் எண்டவ. கடலைப் பாத்த யன்னல். எட்டாம் நம்பர். இவர் வேண்டாம் எண்டிட்டார். கடற்காத்து ஒத்துவராதாம். ஐஞ்சாம் நம்பரை எடுத்தார். அதில யன்னலைத் திறந்தால் மதில்."

"வேற ஏதும் கேட்டவரோ?"

"கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னவர். தலைமாடு வடக்குச் சுவரோடை இருந்ததாம். அந்தப் பக்கத்தால குளிர் வருமாம். அந்தப் பிள்ளை பாவம், திருப்பிப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினவ."

தக்ஷினி தேநீரை ஒரு வாய் குடித்தாள். "கடவுச்சீட்டைக் காணேல்லை எண்டு சொன்னவுடன அங்கிள் என்ன சொன்னவர்?"

"'அது எங்கையும் போகாது, பின்னேரத்துக்கு முதல் வந்திடும்' எண்டார். வாறதுக்கு அதுக்குக் கால் இருக்கே எண்டு எனக்குக் கோவம் வந்திட்டுது."

"யாரும் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகினமோ?"

மரியம்மா முந்திக்கொண்டார். "என்ர மகன் ஜெறோம். துறைமுகத்தில இரவு வேலை. இப்ப நித்திரை. பின்னேரம் அவன்ர காரில கொண்டுபோய் விடுவான்."

"கார் எங்கை?"

"வாசல் தெருவிலதான். பனி அள்ளுறவங்கள் வந்து சைரன் அடிச்சால், காரை இழுத்துக்கொண்டு போக முதல் இவ வீட்டுக்காரர் எடுத்து மாத்தி விடுவார். காரைத் திறக்கிற மற்றத் திறப்பு அவரிட்டத்தானே."

"இண்டைக்குப் பனி அள்ளினவங்களோ?"

"ஓம்," என்றார் கௌரி. "எட்டு மணிக்குக் கொஞ்சம் முந்திச் சைரன் அடிச்சது. இவர் வழமையா ஓடிப்போறவர், இண்டைக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியிலயே நிண்டார். மணிக்கூட்டைப் பாத்தார். பேந்து கதிரையில இருந்திட்டார். ஒன்பது அடிச்சதும் இறங்கி ஓடினார். அதுக்குப் பிறகுதான் பால், பால் எண்டு அலையுறார்."

தக்ஷினி எழுந்து யன்னலடிக்குப் போனாள். கீழே தெரு துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. ஒரு வண்டியும் இல்லை. சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டியை ஒரு முறை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

காலை 11.45. சண்முகலிங்கம் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் மூன்றாவது பால் பெட்டி. காற்சட்டை முழங்கால் வரை பனி.

"வாங்கோ அங்கிள். டெப்பனர் மூலையிலதானே இருக்கு. முழங்கால் மட்டும் பனி எப்பிடி வந்தது?"

"கால் வழுக்கினது."

"கடவுச்சீட்டை நீங்கள் எடுத்தனீங்களோ?"

"நான் ஏன் எடுக்கிறன்? கொளுத்திக் குளிர் காயவோ?"

"அன்ரி போறது உங்களுக்கு விருப்பம் இல்லை எண்டு மரியம்மா அன்ரி சொல்லுறா."

சண்முகலிங்கத்தின் முகம் சிவந்தது. "ஆர் சொன்னது? இரண்டு மாசம் நித்திரை முழிச்சு அறை பிடிச்சவன் நான்!"

"அதைத்தான் நானும் யோசிச்சனான்," என்றாள் தக்ஷினி. குரல் அதே தணிவில் இருந்தது. "மறிக்க நினைக்கிறவர் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லமாட்டார். அன்ரி, உங்கட கடவுச்சீட்டை எடுத்தது அங்கிள்தான். ஆனால் உங்களை மறிக்க இல்லை. நீங்கள் சுகமாப் போய் வரவேணும் எண்டுதான் எடுத்தவர்."

மரியம்மாவின் வாய் திறந்தபடி நின்றது.

"எட்டாம் நம்பரைச் சனியன்ர நம்பர் எண்டு ஒதுக்கிறது ஆர்? வடக்கை தலைவைச்சுப் படுக்கக்கூடாது எண்டுறது ஆர்? எங்கட சனம்தான். கடற்காத்து, குளிர் எண்டதெல்லாம் சாட்டு. அங்கிள் பகிடி பண்ணுற எல்லாத்தையும், இந்தப் பயணத்துக்கு மட்டும், ஒண்டும் விடாமல் பாத்திருக்கிறார். அப்ப புறப்படுற நேரத்தை மட்டும் சும்மா விட்டிருப்பாரோ? மாலை ஐஞ்சு மணி நல்ல நேரமா இருந்திராது. அதுக்கு எங்கட ஆக்கள் என்ன செய்யிறவை?"

கௌரி மெதுவாகச் சொன்னார்: "நல்ல நேரத்தில பயணப் பொதி ஒண்டை முன்னமே வீட்டுக்கு வெளியில கொண்டுபோய் வைக்கிறது. அப்ப பயணம் அந்த நேரத்தில துவங்கின கணக்கு."

"ஓம். பெட்டியைத் தூக்கினால் நீங்கள் முழிச்சிடுவியள். அதால பயணத்துக்கு முக்கியமான சாமானை எடுத்தார். கொண்டுபோக வீட்டுக்கு வெளியில அவரிட்டைத் திறப்பு உள்ள இடம் ஒண்டே ஒண்டு, ஜெறோமின்ர கார். விடிய வைச்சார். பின்னேரம் காரில ஏறேக்க எடுத்துத் தந்திடலாம் எண்டு நினைச்சார். நீங்கள் பையைத் திறந்து பாப்பியள் எண்டு யோசிக்கேல்லை."

"பிறகேன் சைரனுக்குப் போகேல்லை?" என்று கேட்டார் மரியம்மா.

தக்ஷினி நாள்காட்டியைக் காட்டினாள். "திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்குத் துவங்கி ஒன்பதுக்கு முடியும். எனக்கு நல்லாத் தெரியும். நான் பொலிஸில சேர்ந்ததும் ஒரு திங்கட்கிழமைதான். ஒன்பது மணி வரைக்கும் அம்மா என்னைக் காருக்குள்ளயே இருத்தி வைச்சவ. பொதி இருக்கிற வண்டியை ராகுகாலத்தில நகர்த்தினால், பயணமே ராகுகாலத்தில துவங்கினதாப் போயிடும். அதாலதான் கோட்டோடை நிண்டு மணிக்கூட்டைப் பாத்தவர். சைரன்காரன் ராகுகாலம் பாக்கேல்லை. காரை இழுத்துக்கொண்டு போயிட்டான்."

சோதிடரைத் தண்ணீர் கேட்க வைத்த மனிதர் கதிரையில் அமர்ந்து தண்ணீர் கேட்டார். கௌரி கொண்டுவந்து கொடுத்தார்.

"ஆறரைக்கு வைச்சனான்," என்றார் அவர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "ஒன்பதுக்குப் போறன், கார் இல்லை. தெருத் தெருவாத் தேடுறன். எல்லாக் காரும் பனிக்குள்ள ஒரே மாதிரிக் கிடக்குது."

"இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே," என்றார் கௌரி.

"எந்த வாயால சொல்லுறது?"

"அப்ப உங்களுக்கு இதில எல்லாம் நம்பிக்கை இருக்கே அங்கிள்?" தக்ஷினி கேட்டது குற்றம் சாட்ட அல்ல, தெரிந்துகொள்ளத்தான்.

அவர் தலையை ஆட்டினார். "நம்பிக்கை இல்லைப் பிள்ளை. பயம்தான் இருக்கு. இவ இல்லாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. ஏதும் நடந்தால், இதையாவது செய்திருக்கலாமே எண்டு பேந்து யோசிக்கக்கூடாது எண்டு நினைச்சன்."

மரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எழுந்துபோய் சண்முகலிங்கத்தின் நனைந்த சப்பாத்து இரண்டு சோடியையும் ஹீற்றருக்குப் பக்கத்தில் காய வைத்தார்.

பனி அள்ளும்போது இழுக்கிற வண்டிகளை மொன்றியலில் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்களிலேயே விட்டுவிடுவார்கள். நகரசபையின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டால் எந்த இடம் என்று காட்டும். சண்முகலிங்கத்துக்கு அது தெரியாது. தக்ஷினிக்குத் தெரியும். குவெர்ப் தெரு என்று வந்தது. அவர் மற்றப் பக்கமெல்லாம் தேடியிருந்தார்.

பகல் 12.20. தக்ஷினியின் காரில் அவளும் கௌரியும் சண்முகலிங்கமும் போனார்கள். ஜெறோமின் கார் கண்ணாடி வரை பனியில் கிடந்தது. சண்முகலிங்கம் கையாலேயே பனியைத் தள்ளினார். பின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு துணிப்பை. அதற்குள் கடவுச்சீட்டும், கைக்குட்டையில் முடிந்த ஒரு பிடி அரிசியும், ஒரு மஞ்சள் கிழங்கும்.

கௌரி அந்த மஞ்சள் கிழங்கை வெகுநேரம் பார்த்தார். கடைக்குப் போய் இதைத் தேடி வாங்கியிருக்கிறார். அந்தக் கடையில் எல்லாரும் அவரைப் பகுத்தறிவாளராகத் தெரிந்தவர்கள்.

"சரி, வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டு ஆறுதலா வெளிக்கிடுவம்," என்றாள் தக்ஷினி.

"பையை வீட்டை கொண்டுபோகக்கூடாது பிள்ளை," என்றார் கௌரி அவசரமாக. "வெளியில வந்தது வந்ததுதான். உன்ர காருக்குள்ளயே இருக்கட்டும்."

தக்ஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைத் தன் காரில் வைத்துப் பூட்டினாள்.

கௌரி கணவரின் கையைப் பிடித்தார். பனியில் அது விறைத்துப் போயிருந்தது. தன் கையுறையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார்.

"இஞ்சருங்கோ. நான் திரும்பி வாறதுக்கும் நல்ல நேரம் பாத்து வைச்சிருக்கிறியளோ?"

சண்முகலிங்கம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்கேன் பாக்கிறது? நீர் வாற நேரம்தான் எனக்கு நல்ல நேரம்."