ஆறாத பச்சை

அன்னக்கிளியின் கையில் குத்திய பச்சை நன்றாகத்தான் ஆறிக்கொண்டு வந்தது. வீட்டில்தான் சீழ் நாற்றம் அடித்தது.

முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். முகர்ந்து பார்த்தால் மஞ்சளும் விளக்கெண்ணெயும்தான் மணத்தன. எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸின் அந்த ஒற்றை அறையில் டிரங்குப் பெட்டியை நகர்த்தி, அரிசி டின்னைத் தூக்கி, கட்டிலுக்கு அடியில் ஈரத்துணியால் துடைத்தும், மழைக்காற்று ஜன்னலைத் தள்ளும்போதெல்லாம் அந்த நாற்றம் சுவரோரமாகவே நகர்ந்து அவள் பின்னாலேயே வந்தது.

வம்பை விலை கொடுத்து வாங்கியவள் அவள்தான். அவள் கணவன் சின்னசாமியின் மூத்த மனைவி ராஜம், கையில் புருஷன் பெயரைப் பச்சை குத்திக்கொண்டு, புண் புரையோடி, அது ஆறாமலே செத்துப்போனவள். "உனக்கு அது வேணாம் புள்ள. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது" என்று அவன் கெஞ்சினான். செத்தவளோடு என்ன போட்டி? ஆனாலும் அன்னக்கிளிக்குப் பொறுக்கவில்லை. மௌலா அலி மலையடிவாரச் சந்தையில் பச்சை குத்துபவளிடம் கையை நீட்டி, அதே பெயரைக் குத்திக்கொண்டு வந்துவிட்டாள். "சொறிய நக்கோ, சொறியவே கூடாது, தண்ணி படாம பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்பினாள் குத்தியவள்.

பட்டறையிலிருந்து வந்ததும் சின்னசாமியே தினமும் மருந்து போட்டான். கல்யாணமானதிலிருந்து அவன் அவளை அப்படித் தொட்டதேயில்லை. பொருக்கு உதிர ஆரம்பித்தபோது சந்தோஷத்துக்குப் பதில் பயம்தான் வந்தது. ஆறிவிட்டால் தொடுவதை நிறுத்திவிடுவானோ?

அப்புறம்தான் போர்வையைக் கவனித்தாள். கட்டிலின் சுவர்ப்பக்கம், யாருமே படுக்காத இடத்தில், மஞ்சள் கறை. ஈரமாக.

"எண்ணெய் சிந்தியிருக்கும்" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்று அந்தி மழையில் கரண்ட் போனது. தீப்பெட்டி தேடி அடுப்படிக்குப் போனாள்.

"கையை நீட்டு." அறையிலிருந்து அவன் குரல்.

"விளக்கேத்திட்டு வரேங்க."

"இன்னிக்கு ரொம்பக் கொதிக்குதே. வலிக்குதா?"

அவள் கை அவளிடம்தான் இருந்தது. சில்லிட்டுப்போய். தீக்குச்சி உடைந்தது. இன்னொன்று. நமுத்த குச்சி. இன்னொன்று.

சிம்னி விளக்கோடு அறை வாசலில் நின்றாள்.

சின்னசாமி கட்டிலோரம் குனிந்து உட்கார்ந்திருந்தான். சுவரோர இருட்டிலிருந்து ஒரு கை அவன் மடியில் நீண்டு கிடந்தது. கறுத்து வீங்கிய கை. அவன் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றும் வாய் பிளந்து கசிந்தன. அவன் மஞ்சள் தடவி, குழந்தைக்கு ஊதுவதுபோல் ஊதிக்கொண்டிருந்தான்.

"ஏங்க..."

அவன் நிமிரவில்லை. பயப்படவும் இல்லை.

"விளக்கை இறக்கு புள்ள. அவளுக்குக் கண்ணு கூசுது."

வீங்கிய விரல்கள் அவன் மணிக்கட்டை மெல்லத் தடவிக்கொடுத்தன.